தம்பியின் பெயர்

மொன்றியல், 1997

அன்புள்ள அத்தானுக்கு,

ரொறன்ரோவில் வேலை எப்படி? வயிற்றுப்பிள்ளை நன்றாக உதைக்கிறது.

நான் வேலைக்குப் போகும் யூத வீட்டில் நேற்று வீட்டுக்காரி ஃப்ரெய்டா அம்மாவின் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். போலந்தில் நாஜிகள் கொன்ற அவருடைய தம்பியின் பெயர். தம்பிக்கு அப்போது நான்கு வயதாம். “ஹெர்ஷல், ஹெர்ஷல்” என்று எல்லோரும் பாடி ஆடினார்கள்.

“அந்தப் பேரைச் சொல்லப் பயமில்லையோ, அம்மா?” என்று கேட்டேன்.

“பயம்தான். அவன் வளரேல்லை. அவன்ரை பேராவது வளரட்டும்.”

கொன்றவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெயர் அவர் மடியில் கொட்டாவி விடுகிறது. ஒரு சனம் முழுவதும் இப்படித்தான் நாளைக்குள் நடந்து வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தை விட்டபின், அங்கே பறிகொடுத்த நம் மூத்தவனின் பெயரை நாம் சொன்னதேயில்லை. பிறப்பது மகனென்றால் அதையே வைப்போம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் முதலில் சொல்லுங்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உங்கள்,
மனைவி