ப்ரியாவுக்குக் கொடுத்த பை

14.12.1990, வெள்ளி. ஆகுர்டி, பூனா.

ஈராக் படை நுழைந்ததால் அக்காள் குடும்பம் குவைத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் ஒற்றை அறைக்கு வந்து மூன்று மாதம். இன்று அக்காள் மகள் ப்ரியாவின் பள்ளியில் ஏழைகளுக்குத் துணி சேர்த்தார்கள். குவைத்தில் இப்படிக் கொடுத்துப் பழகியவள், இருந்த ஒரே நல்ல ஃப்ராக்கை நீட்டியிருக்கிறாள். டீச்சர் அதைத் திருப்பித் தந்து, "இதெல்லாம் உனக்குத்தான் பேட்டா" என்று மகளைக் கொஞ்சுவதுபோல் இந்தியில் சொல்லி, வகுப்புக்கு முன்னால் ஒரு பை பழைய துணியையும் கொடுத்தாராம். அறிவு வேண்டாம்? தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் என்ன கேடு? நாளை பையை அவர் மேசையிலேயே வீசப்போகிறேன்.

அதற்குள் அதிலிருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இது மட்டும் வச்சுக்கட்டுமா மாமா? காலைல குளுருது."

"கழட்டுடி அதை!" கத்திவிட்டேன்.

கழற்றி, மடித்து, பையில் வைத்தாள். முன்பு லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்டது கிடைக்கும்வரை தரையில் புரண்டு அழுகிறவள். இன்று முகம்கூடச் சுளிக்கவில்லை.