எட்டாம் பக்கத்து டாக்டர்

வில்லாபுரம், மதுரை
12-2-1938

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தங்கை பாக்கியத்தின் ஸ்தோத்திரம்.

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீங்கள் சென்னைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியும் உங்கள் கடிதம் இன்னும் பாதிப் பக்கத்தைத் தாண்டவில்லை என்று குறைப்படுகிறாள்.

நான் சோப்புக் கம்பெனியில் சேர்ந்து நேற்றோடு ஒரு மாதம். எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைத்த காரத்தண்ணீரை ஊற்றிக் கிண்டுவது ஆண்கள் வேலை. பெட்டியில் இறுகியதைக் கம்பியால் அறுத்து, ஓரம் செதுக்கி, தாள் சுற்றுவது நாங்கள் பதினொரு பெண்கள். அறுக்கும்போது சோப்பு பச்சையாகத்தான் இருக்கும். காரம் செத்திருக்காது. மூன்றாம் நாள் விரல் நுனி வழவழத்தது. பத்தாம் நாள் உரிந்தது. இப்போது கட்டைவிரல் மடக்கில் வெடித்திருக்கிறது. தாளில் ‘அல்லி சோப்பு, அல்லிப்பூக் கைகளுக்கு’ என்று அச்சடித்திருக்கிறது. அதை இந்தக் கையால்தான் சுற்றுகிறேன்.

வேலையை விட்டுவிடு என்று எழுதாதீர்கள். அடுப்பு எரிய வேண்டும்.

ஜூன் பத்தாம் தேதி நர்சுப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மேட்ரனம்மா முதலில் கையைத்தான் பார்ப்பாராம், அப்புறம்தான் சர்டிபிகேட்டு. இந்த ஜூனில் இடம் கிடைக்காவிட்டால் அம்மா சொல்லும் கோயில் உபதேசியாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மனைவி இறந்தவர். மூன்று பிள்ளைகள். மூத்தவள் என்னைவிட ஆறு வயதுதான் இளையவள். ஆகையால் இந்தக் கை எனக்கு வேண்டும். அச்சாபீசில் எத்தனையோ புத்தகம் புரூப் பார்க்கிறீர்களே, கைக்கு ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.

அன்புள்ள தங்கை,
பாக்கியம்


சென்னை
20-2-1938

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. உழைக்கிறவள் தோல் உரிய வேண்டும், உட்கார்ந்திருக்கிறவள் கை பூவாக வேண்டும். இதற்குப் பெயர் சுதேசித் தொழிலாம். இப்படி விளம்பரம் எழுதுகிறவன் கையைப் பிடித்துக் காரத்தில் முக்க வேண்டும். இங்கே நாங்கள் சிலபேர் கூடி இதையெல்லாம் பேசுகிறோம். ஒருநாள் எல்லாம் மாறும்.

வேலைக்குப் போகுமுன் கை நிறையத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள். காரம் தோலில் ஏறாது.

அம்மாவுக்கு முழுப் பக்கம் எழுத ஆசைதான். நேரமில்லை.

அன்புள்ள அண்ணன்,
ஞானமுத்து


வில்லாபுரம்
6-3-1938

அன்பான அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி எண்ணெய் பூசிக்கொண்டு போனேன். என் பக்கத்தில் உட்காரும் ஒச்சாயி அக்கா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி சுருளியே எட்டிப்பார்த்தார். “எவன்டி இந்த ரோசனை சொன்னது? எண்ணெயும் காரமும் சேந்தா என்ன ஆகும்? சோப்புதானடி! கையிலயே சோப்புக் காய்ச்சப் போறியா?” என்றாள். அன்று முழுவதும் என் பெயர் சோப்புச் சட்டி.

எண்ணெய் வீட்டுக்கு வந்த பிறகுதானாம். அங்கே இருக்கும்போது நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுப் புளித்தண்ணீரில் முக்க வேண்டுமாம். ஒச்சாயி அக்கா ஒரு சட்டியில் புளி கரைத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறாள். வெடிப்பில் படும்போது உயிர் போகிறது. பிறகு வழவழப்பு நின்றுவிடுகிறது. கம்பெனியைப் பார்க்க வரும் கனவான்கள் முன்னால் அசிங்கமாக இருக்கிறது என்று சுருளி சட்டியைக் காலால் தள்ளுகிறார். அவர் போனதும் நாங்கள் திரும்ப இழுத்துக்கொள்கிறோம்.

பத்து நாளில் கட்டைவிரல் வெடிப்பு மூடிக்கொண்டது. உங்கள் வைத்தியம் தோற்றாலும் உங்களுக்கு ஸ்தோத்திரம்.

பாக்கியம்


வில்லாபுரம்
24-4-1938

அன்பான அண்ணனுக்கு,

நல்ல செய்தி. சோப்போடு கடைகளுக்கு அனுப்புகிற சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அல்லி சோப்பின் பெருமை ஏழு பக்கம். எட்டாம் பக்கத்தில் ‘கைகளின் தோலைக் காக்கும் முறை’ என்று சென்னை டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை, ‘டாக்டர் ஒருவர்’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? புளிப்புப் பொருள்கள் தோலைக் கறுக்கச் செய்யும், எண்ணெய் தூசியைச் சேர்க்கும், இவை நாட்டுப்புறத்தார் பழக்கம். தினம் மூன்று வேளை வெந்நீரில் அல்லி சோப்பால் கழுவினால் ஒரு மாதத்தில் வெடிப்பு ஆறித் தோல் பட்டுப்போல ஆகும் என்று எழுதியிருக்கிறார்.

அன்றன்று செதுக்கின துண்டுகளை எங்களுக்குச் சும்மா கொடுக்கிறார்கள். புளியையும் எண்ணெயையும் விட்டுவிட்டேன். “படிச்ச புள்ள, அம்புட்டுந் தெரியும் உனக்கு” என்று ஒச்சாயி அக்கா கோபித்துக்கொண்டாள். எங்களோடு தாள் சுற்றும் மலையம்மாள் மட்டும் என்னோடு சேர்ந்து கழுவுகிறாள். விரல் நுனியில் மிச்சமுள்ள உரிச்சலும் ஜூனுக்குள் ஆறிவிடும்.

பாக்கியம்


சென்னை
2-5-1938

அன்புள்ள பாக்கியத்துக்கு,

விளம்பரப் புத்தகங்களை நம்பாதே. எல்லாம் வியாபாரம். ஒச்சாயி சொன்னபடியே செய். இங்கே வேலை அதிகம்.

ஞானமுத்து


வில்லாபுரம்
11-5-1938

அன்பான அண்ணனுக்கு,

உங்களுக்கு முதலாளி என்றாலே கோபம், அவன் சோப்பு என்றால் அதுவும் கெட்டது. டாக்டர் பொய் எழுதுவாரா? அவருக்கு என்ன வந்தது? எண்ணெய் பூசச் சொன்ன உங்கள் வைத்தியத்தையும் பார்த்தோமே!

கழுவினால் எரிகிறது. புறங்கையிலும் சிவந்திருக்கிறது. அழுக்கு வெளியேறும்போது முதலில் அப்படித்தான் இருக்கும் என்று எட்டாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுகிறேன்.

பாக்கியம்


வில்லாபுரம்
13-6-1938

அண்ணனுக்கு,

மேட்ரனம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். பத்து விரலில் ஏழு வெடித்திருந்தது. இரண்டில் சீழ். “புண்ணுள்ள கையால் புண்ணைத் தொடக்கூடாது, அம்மா. நோயாளிக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. கை ஆறினால் அடுத்த வருஷம் வா” என்றார். அவர்மேல் குற்றமில்லை. சர்டிபிகேட்டை நான் வெளியே எடுக்கவே இல்லை.

மலையம்மாள் கையும் அப்படித்தான். அவள் பிள்ளைக்குச் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் ஊட்டுகிறாள்.

உபதேசியார் வீட்டுக்கு ஆகஸ்டில் பதில் சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா. வேறு சேதி இல்லை.

பாக்கியம்


சென்னை
19-6-1938

அன்புள்ள பாக்கியத்துக்கு,

எட்டாம் பக்கத்தை எழுதியது நான்.

போன வருஷம் அந்தப் புத்தகம் எங்கள் அச்சாபீசுக்கு வந்தது. ஏழு பக்கத்துக்குத்தான் விஷயம் இருந்தது. “ஒரு பக்கம் காலியா கிடக்குதேய்யா, கையைப் பத்தி என்னவாவது எழுதித் தள்ளு, கீழே டாக்டர்னு போட்டுக்கலாம்” என்றார் மானேஜர். அரைமணி நேரத்தில் எழுதினேன். யாரோ பணக்கார வீட்டுப் பெண்கள் படித்துவிட்டுத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன். முதலில் எரியும் என்று எழுதியதும் நான்தான். எரிகிறதே என்று யாராவது சோப்பை நிறுத்திவிட்டால் கம்பெனிக்காரர் கோபித்துக்கொள்வார் என்று மானேஜர் சேர்க்கச் சொன்னார்.

உன் முதல் கடிதத்தில் அல்லி சோப்பு என்று பார்த்தபோதே எனக்கு நினைவு வந்தது. காரத்தில் முக்க வேண்டும் என்று உனக்கு எழுதியபோதும் தெரியும். மே மாதம் நம்பாதே என்று எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. உன் முன்னால் சின்னவனாக மனம் வரவில்லை. அதற்கு நீ ஏழு விரலைக் கொடுத்துவிட்டாய்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

ஞானமுத்து


வில்லாபுரம்
3-7-1938

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். அந்த எட்டாம் பக்கத்தையும் நான் வாசிக்கக் கேட்டவர்கள்தானே. ஒச்சாயி அக்கா, “நல்ல டாக்டருடி உங்கண்ணே, தொட்டுப் பாக்காமலே தோலை உரிச்சிட்டாரு!” என்றாள். மலையம்மாள் சிரிக்கவில்லை. “அவுக கை நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சுருளி மறுபடி புளிச்சட்டியைத் தள்ளினார். சட்டி உடைந்தது. புதுச் சட்டி வரும்வரை கம்பியைத் தொடமாட்டோம் என்று பதினொரு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். ஒன்றரை நாள் சோப்பு பெட்டியிலேயே இறுகிக் கல்லானது. இப்போது இரண்டு சட்டி இருக்கிறது, பெஞ்சுக்கு மேலேயே.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டு காரியம்.

அம்மாவுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே, முழுப் பக்கம். பாக்கியம் வாக்குத் தவறவில்லை, அவள் கையைக் கெடுத்தது நான், அவளுக்கு ஒரு வருஷம் கொடுங்கள் என்று எழுதுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். “உங்கண்ணன் எழுதட்டும், பாப்போம்” என்கிறாள். ஆண்பிள்ளை சொன்னால் நம்புவாள். மகள் சொன்னால் சாக்கு.

இரண்டாவது, கீழே உள்ளதை அச்சடித்து அனுப்புங்கள். உங்கள் அச்சாபீசில் முடியாவிட்டால் வேறு எங்காவது. ஒரு தாள் போதும்.

‘பச்சைச் சோப்பு தொட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவு. பிறகு புளித்தண்ணீர். அறுத்த துண்டைக் கை கழுவ வைத்துக்கொள்ளாதே. வேலைக்கு முன் எண்ணெய் பூசாதே. வீட்டுக்கு வந்து, ஈரம் துடைத்து, பூசு. எரிந்தால் நிறுத்து. எரிவது நல்லதற்கு என்று எவன் சொன்னாலும் நம்பாதே. இதைச் சொன்னது ஒச்சாயி. எழுதியது பாக்கியம். முன்பு பொய் எழுதியது,’

அந்த இடத்தை விட்டிருக்கிறேன். அங்கே உங்கள் பெயரைப் போடுங்கள். பெயருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம்.

கையைக் காரத்தில் முக்க வேண்டாம். புரூப் பார்க்கக் கை வேண்டும். தாள் வந்து சேர்ந்த பிறகு, இந்தக் கடிதத்தின் மேலே ‘டாக்டர்’ என்று போட்ட இடத்தில் எழுதாமல் விட்ட சொல்லை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி
பாக்கியம்