அம்மா ஊற்றிய தயிர்

ஞாயிறு, இரவு

பெற்ற தாயைக் குறை சொல்லி எழுதுவது தப்புதான். ஆனால் எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் கவிதாவுக்குக் கோதுமையும் பாலும் ஒத்துக்கொள்ளாது. யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாள். என்னை நம்பித்தான் இன்று செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்காக நேற்றே பச்சரிசியும் உளுந்தும் அரைத்து வைத்தேன். காலையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்து வாஃபிள் சுட்டேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வந்தது. "சூப்பரா இருக்குதுபா" என்று இரண்டு சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது.

"இதுல பால் எதுனா போட்டியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு இன்னாமா தெரியும்? எல்லாம் இவதான் செஞ்சா."

கவிதா மாத்திரை போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

அதன் பிறகுதான் அம்மா சொன்னாள். "கோயில் இட்லிக்கு ஊத்துற மாதிரி ராத்திரி ஒரு கரண்டி தயிர் ஊத்தினேன். இல்லன்னா மாவு எப்டி புளிக்கும்? டிகிரி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

தயிரை மன்னித்துவிடுவேன். பழியை என்மேல் தள்ளியதை மன்னிக்க முடியவில்லை. வீக்கம் வடிந்துவிட்டதாகக் கவிதாவின் அண்ணன் சொன்னார். அவள் போனுக்கு வரவில்லை.

பகலெல்லாம் வாய்வரை வந்தும் கேட்காததை இங்கே கேட்கிறேன். அம்மா, நாளைக்கு என்கூட வந்து, நான்தான் ஊத்தினேன்னு அவகிட்ட நீயே சொல்றியா?