பயிற்சிப் பள்ளி ஆள் வந்தால்

குட்டி,

சோறு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. ராத்திரி போட்ட சண்டைக்காகப் பட்டினி கிடக்காதே.

நர்ஸிங் பயிற்சிப் பள்ளி ஆள் காலையில் உன் மார்க் ஷீட்டை வாங்க வருவார். அக்கா பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிடு. நிஜமாகவே எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

“நீ மட்டும் படிக்கலாம், நான் படிக்கக் கூடாதா?” என்று கத்தினாயே, படித்து நான் என்னத்தைக் கண்டேன்? அதே பள்ளியில் கடன் வாங்கிப் பணம் கட்டியும் கடைசித் தவணை பாக்கி. அதனால் சான்றிதழைத் தர மாட்டேன் என்கிறார்கள். அது இல்லாததால் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா சம்பளம்தான். மேட்ரனிடம் கேட்டால், “பேப்பரைக் கொண்டாம்மா, அப்புறம் சம்பளத்தப் பத்திப் பேசு” என்கிறார். வருவது வாடகைக்கும் வட்டிக்குமே பற்றவில்லை. தவணையை எங்கே போய்க் கட்டுவேன்?

உன் மார்க் ஷீட்டும் அங்கே போய்விட்டால், நாம் இரண்டு பேரும் அவர்கள் அலமாரிக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்.

வேறு என்ன படிப்பது என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

அக்கா

பாலைக் காய்ச்சி வை, திரிந்துவிடும்.

இன்னொன்று. என் யூனிஃபார்ம் பாக்கெட்டின் மேல் நீ ‘நர்ஸ்’ என்று நீல நூலில் தைத்து வைத்திருந்ததை இப்போதுதான் பார்த்தேன். பேப்பர் இல்லாமல் அதோடு போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிளேடால் பிரித்துவிட்டேன். நூலை எறிய மனசு வரவில்லை, ஊசி டப்பாவில் சுற்றி வைத்திருக்கிறேன்.