சாம்பல் நிறப் பெட்டை

மகனுக்கு,

அன்று நம் வீட்டுக் குருவிக் கூண்டருகே நின்றவர்கள் நான், நீ, உன் மனைவி, உன் தங்கை, தீனி கொண்டுவந்த பறவைக் கடைக்காரர். எனக்கு ஒன்றும் மறக்காது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சாம்பல் நிறப் பெட்டை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. "இது பார்க்கவே சகிக்கல. எடுத்துட்டு, சேவல் மாதிரி கலரா ஒண்ணு குடுங்க" என்றாய்.

"பெட்டை இப்படித்தாங்க இருக்கும். அடைகாக்கும்போது பூனை கண்ணுல படக் கூடாதுல்ல? கலரெல்லாம் ஜோடி தேடுற சேவலுக்குத்தான்" என்றார் அவர்.

"அண்ணன் போடுற சட்டை மாதிரி" என்று உன் தங்கை சிரித்தாள். உன் மனைவி சிரிக்கவில்லை.

நீ கேட்கவில்லை, மாற்றினாய். கலராக வந்த அதுவும் சேவல்தான். இரண்டும் கொத்திக்கொண்டு ரத்தம் பார்த்தன. முட்டைகள் சில்லிட்டுப் போயின. அவற்றை எடுத்துக் கொட்டியவள் உன் மனைவி. அந்த வாரமே நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது உன் மனைவி உதட்டில் சாயம் பூசிக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். துடைத்துக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. என் பேத்தி வேறு, "அம்மா எதுக்குப் பாட்டி கலர் பூசுறாங்க?" என்று கேட்கிறாள்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. உன்னைச் சேர்த்துக்கொண்டவள் மேலும் இல்லை. அவளுக்கு இன்னும் உன்னைத் தெரியாது. நான் மன்னிக்கப் போவதில்லை என்றால், அது உன்னை மட்டும்தான்.

உன்னைப் பெற்றவள்