எமரி நின்ற இடம்

1974 ஏப்ரல் 6, சனி

தம்பி எமரி போன பிறகு முதல் மேடை. மலைநாட்டு ப்ளூகிராஸ் பாட்டுப் பாடும் எங்கள் குழுவுக்கு எப்போதும் ஒரே மைக்தான். அவரவர் முறைக்கு முன்னால் வந்து, முடிந்ததும் விலகுவோம். இன்று மீதி மூன்று பேரும் என் இடப்பக்கம் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி வந்தோம். யாரும் பேசிவைக்கவில்லை. பாஞ்சோ வாசிக்கும் கிளெல், அங்கே யாரையோ இடித்துவிடக் கூடாதென்பதுபோல் வளைந்து போனார்.

ஏப்ரல் 9

அவனிடம் மேடையில் கடைசியாகச் சொன்னது: "கத்தாதடா. உன் சத்தத்துல என் பாட்டே கேக்கல. ஒரு அடி பின்னால நில்லு." சிரித்துக்கொண்டே பின்னால் போனான். மறுநாள் காலை, மலைச்சரிவில், நிலக்கரி லாரி.

இப்ப கேக்குதா என் பாட்டு? யாருக்கு வேணும்?

ஏப்ரல் 20

வானொலி நிலையத்து டாயல் வீட்டுக்கு வந்தார். எங்கள் வழக்கப்படி நான் மெட்டைப் பாடுவேன். எமரி அதற்கு மேலே ஏறி மேல்குரல் கொடுப்பான். "மேல்குரல் இல்லாம மொட்டையா இருக்கு டெல்ஃபியா. ஜூன் முடியுறதுக்குள்ள ஆளப் பாருங்க. இல்லன்னா சனிக்கிழமை நேரத்த வேற குழுவுக்குக் குடுத்துருவேன்" என்றார். பதினொரு வருட நிகழ்ச்சி. சொல்லிவிட்டு இரண்டு துண்டு சோள ரொட்டியும் தின்றுவிட்டுப் போனார்.

ஆள் தேட மாட்டேன்.

மே 4

இரண்டாவது பாட்டில் அவன் மேல்குரல் கேட்டது. கற்பனை இல்லை. அவ்வளவு பக்கத்தில்.

மே 5

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்று கிளெல்லிடம் கேட்டேன். தந்தியை முறுக்கிக்கொண்டே, "கேட்டுச்சும்மா" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே 18

மறுபடியும். மூன்று பாட்டிலும். ஆள் எதுக்கு? அவன்தான் வந்துட்டானே. நேற்றும் நன்றாகத் தூங்கினேன்.

மே 25

தொண்டை கட்டிவிட்டது. தேன் குடித்தும் எரிச்சல் போகவில்லை.

ஜூன் 1

டாயல், "நீங்களே கேளுங்க" என்று போன வார நிகழ்ச்சியின் டேப்பைக் கொடுத்தனுப்பினார். சமையலறையில் கிளெல்லும் நானும் கேட்டோம்.

எமரியின் பாட்டேதான். அதே உயரம், வரியின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து விடுவதுகூட அவனைப் போலவே. குரல் மட்டும் என்னுடையது. கீழே மெட்டு இல்லை. அதை யாருமே பாடவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அவன் வந்துட்டான், இப்பத்தான் தூக்கம் வருதுன்னு நீ சொன்ன. அப்புறம் எப்படிம்மா சொல்றது?"

அவன் இரண்டாம் முறை செத்ததுபோல் அழுதேன். கிளெல் டேப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 3

டாயலுக்குப் போன் செய்தேன். ஆள் வேண்டும், ஆனால் மேல்குரலுக்கு இல்லை. மெட்டுப் பாட.

ஜூன் 22, சனி

புதியவள் பெயர் ஓமா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மைக்கின் முன்னால் என் இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் போய் நின்றேன். கிளெல் ஒரு கணம் வாசிப்பைத் தவறவிட்டார்.

முதல் பாட்டு முடிந்ததும் ஓமா தயங்கித் தயங்கி என் காதருகே வந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க சத்தத்துல என் பாட்டே கேக்கல."

சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போனேன்.