நாலு மணி வரைக்கும்

அக்கா,

நீங்கள் இருந்த எதிர்வீட்டில் இன்று காலையிலிருந்து பெயின்ட் அடிக்கிறார்கள். வாசனை கதவிடுக்கு வழியாக என் மேசை வரை வந்துவிட்டது. உங்கள் மகன் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவரப்போகிறார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. சேலத்தில் இந்த அடுக்குமாடியில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. அதற்காகத்தானே நான் இங்கே வந்தேன்.

உங்களுக்கு அது புரிந்ததே இல்லை. மகனோடு இருக்க நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த மறுநாளே, ஒரு கிண்ணம் அரிசிம்பருப்பு சாதத்தோடு பெல் அடித்தீர்கள். கதவைத் திறந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தீர்கள். “என்ன கொழம்பு சாமி? கண்ணாலமாகி எத்தன வருசமாச்சு? ஏதாச்சும் விசேசமா?” மூன்று கேள்வி, ஒரே மூச்சில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவே அந்த மூன்றாவது கேள்வியை ஆறு வருடம் கேட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்பார்கள், மாத்திரை வாங்கப் போனால் கேட்பார்கள். ஒரு வாரம் கோயிலுக்குப் போகாவிட்டால் அதற்கும் அவர்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து தப்பி வந்தவள் நான்.

நீங்களோ விடவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பினால் பகல் முழுக்க அந்த வீட்டில் நீங்கள் மட்டும்தான். “செவுத்தப் பாத்துப் பேசச் சொல்றயா?” என்பீர்கள். காலையில் நீங்கள் வந்து உட்கார்ந்து, வெங்காயம் உரித்தபடி ஊர்க்கதை பேசுவது எனக்கும் பிடித்துப்போனது. இல்லையென்றால் பொய். ஆனால் ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங் நடுவே பின்னாலேயே வந்து நின்று, கம்ப்யூட்டரில் தெரிந்தவர்களிடம் “எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டீர்கள். அன்றைக்குக் கறாராகச் சொன்னேன்: “ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எனக்கு மீட்டிங், பெல் கூட அடிக்காதீங்கக்கா.”

“செரி சாமி” என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த ஒரு நாள், மூன்று மணி வாக்கில், கதவுக்கு வெளியே செருப்பை இழுத்து நடக்கும் சத்தம். பிறகு ஒரு இருமல். உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா இவங்களுக்கு என்று எரிச்சலாக வந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பெல் அடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் திறந்தேன். சுவரைப் பிடித்தபடி நின்றீர்கள். முகமெல்லாம் வியர்வை, ஒரு கை நெஞ்சில். மகனுக்கு இரண்டு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை என்றீர்கள்.

“எப்பருந்துக்கா வலிக்குது?”

“மூணு மணியிலருந்து.”

“பெல் அடிக்க வேண்டியதுதானே!” என்று கத்தினேன்.

“நாலு ஆவுட்டும்னு படியில உக்காந்திருந்தேன் சாமி.”

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தீர்கள். அஞ்சு ரோடு நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அந்தப் பிடி இல்லை. “இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

நாமகிரிப்பேட்டைக்கு உங்களைக் கொண்டுபோனபோது நானும் வந்தேன். நீ யாரென்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் என்னை நடுவில் இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எந்தக் கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்தேனோ, அதே மாதிரிக் கூட்டம். அந்தக் கைகளை விட்டு வர எனக்கு மனமே இல்லை. உங்கள் தங்கை மோர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்கதான் எதுத்த ஊடுங்களா? நீங்க பக்கத்துல இருக்கறீங்கங்கற தெகிரியத்துலதானுங்க அக்காள டவுனுக்கு உட்டோம்” என்றார்.

மோரைக் குடித்துவிட்டுத் தலையாட்டினேன். அந்த இருமல் என் காதில் விழுந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை அக்கா, என் வீட்டுக்காரரிடம் கூட.

உங்கள் தங்கை அடிக்கடி போன் செய்கிறார். “பண்டிகைக்கு வந்துருங்க, இதும் உங்க ஊடுதானுங்க” என்கிறார். வாரேங்க என்கிறேன். வந்தால் அவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன பிறகு அந்தக் கைகளில் ஒன்றாவது என்னைத் தொடுமா?